பத்தாண்டு அளவீட்டை வைத்துப் பால்வழியின் நிறையை எப்படிக் கணிக்கிறார்கள்?

வைகறை_ஆசிரியர் (கேள்வி):

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம், கோள்களின் சுற்றுக்காலத்தையும் சூரியனிலிருந்து அவற்றின் தொலைவையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியை நடத்தி முடித்த கையோடு, இதே கணக்கைப் பால்வழி மண்டலத்துக்கும் நீட்டலாம், சூரியன் மையத்தைச் சுற்றும் வேகமும் மையத்திலிருந்து அதன் தொலைவும் தெரிந்தால் உள்ளே அடங்கியிருக்கும் நிறையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிவைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை.

செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 687 நாள்கள் ஆகின்றன. டைக்கோ பிராகே இருபது ஆண்டுகள் அளந்து வைத்த குறிப்புகளுக்குள் அது ஏறக்குறைய பத்துச் சுற்றுகளை முடித்துவிட்டது. ஆகவே கெப்ளருக்குப் பாதையின் வடிவம் கையில் கிடைத்தது. சூரியனோ ஒரு சுற்றுக்கு 22 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையா 2014 முதல் 2025 ஜனவரி வரை பத்தரை ஆண்டுகள்தான் அளந்தது. அந்தக் காலத்தில் சூரியன் தன் சுற்றில் இரண்டு கோடியில் ஒரு பங்கைத்தான் கடந்திருக்கும். "அப்படியானால் மீதிப் பாதையை யார் பார்த்தார்கள், ஐயா?" என்பது அவள் கேள்வி.

நானே வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஐயம் இன்னும் பெரிதாயிற்று. நாம் பால்வழியின் உள்ளேயே இருக்கிறோம். எந்த விண்மீனின் முழுச் சுற்றையும் எவரும் பார்த்ததில்லை. இருந்தும் அதன் வட்டு, மையப் பட்டை, அதைச் சூழ்ந்த கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) என்று ஒரு முழு வரைபடமே புத்தகங்களில் இருக்கிறது. விண்மீன்களின் இப்போதைய நகர்விலிருந்து இந்த வரைபடம் எப்படி உருவாகிறது? இடையில் நாம் ஒப்புக்கொள்ளும் அனுமானம் எது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அவளிடம் போய்ச் சொல்வேன்.

தொடுவானம்:

மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. ஆனாலும் அவள் அறியாத ஒரு செய்தி உண்டு: சூரியன் கடந்த அந்த மயிரிழைக் கோணத்தை உண்மையிலேயே அளந்துவிட்டார்கள்.

22 கோடி ஆண்டுகளுக்கு 360 பாகை என்றால் பத்தாண்டுகளுக்குச் சுமார் 0.06 விகலை. (ஒரு பாகையை 3600 கூறிட்டால் வரும் ஒரு கூறு ஒரு விகலை.) இது மிகச் சிறிய கோணம்தான், ஆனால் ரேடியோ வானியலாளர்களுக்கு இது எட்டாத அளவு அன்று. ஹவாயிலிருந்து வர்ஜின் தீவுகள் வரை பரவிக் கிடக்கும் பத்து ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாகக் கோத்த வி.எல்.பி.ஏ. அணியைக் கொண்டு, பால்வழியின் மையத்தில் இருக்கும் தனுசு ஏ* என்ற ரேடியோ மூலத்தின் இடத்தை, அதற்கு வெகு தொலைவில் பின்னால் இருக்கும் குவேசார்கள் என்ற ஒளிமிக்க விண்மீன் திரள் மையங்களோடு ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார்கள். மார்க் ரீடும் ஆண்ட்ரியாஸ் புருந்தாலரும் 2020-இல் வெளியிட்ட முடிவின்படி அது பால்வழித் தளத்தை ஒட்டியே ஆண்டுக்கு 6.4 மில்லி விகலை (0.0064 விகலை) நகர்வதுபோலத் தோன்றுகிறது. அந்த மூலம் சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை. அது எங்கும் ஓடவில்லை. ஓடும் ரயிலிலிருந்து பார்க்கும்போது பனைமரம் பின்னால் போவதுபோல, நாம் நகர்வதால் அது நகர்வதாகத் தெரிகிறது.

தொலைவுக்கு வருவோம். இங்கேதான் உங்கள் மாணவி கேட்கும் முழுச் சுற்று கிடைக்கிறது. அந்தக் கருந்துளையை எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 1990-களிலிருந்து அதைத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். ஒரு சுற்று முழுவதும் முடிந்து அடுத்ததும் நடக்கிறது. வானத்தில் அதன் நீள்வட்டம் எவ்வளவு கோணம், நிறமாலையில் அதன் வேகம் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டையும் பொருத்தினால் தொலைவு விழுந்துவிடும். சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளை இணைத்து இயங்கும் கிராவிட்டி கருவிக் குழு 2019-இல் தந்த மதிப்பு 8178 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), அதாவது ஏறத்தாழ 26,700 ஒளியாண்டு.

இனிக் கரும்பலகைக் கணக்குதான். ஆண்டுக்கு விகலையில் உள்ள நகர்வையும் பார்செக்கில் உள்ள தொலைவையும் 4.74-ஆல் பெருக்கினால் நொடிக்குக் கிலோமீட்டரில் குறுக்கு வேகம் வரும். நமக்குச் சுமார் 248 வருகிறது. சூரியன் தன் அக்கம்பக்கத்தாரைவிட நொடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் முந்திப் போகிறது. அந்த 12-ஐக் கழித்தால் வட்டச் சுற்றுக்கான வேகம் 236. வேகத்தின் வர்க்கத்தைத் தொலைவால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், உள்ளே இருக்கும் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 10,000 கோடி மடங்கு.

நீள்விசும்பு:

தொடுவானம் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியைக் கரும்பலகையில் எழுதும்போது பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கட்டும்: உள்ளே இருக்கும் நிறை கோள வடிவில் பரவியிருந்தால்தான் அந்தச் சமன்பாடு அப்படியே பொருந்தும். பால்வழியின் விண்மீன்களோ பெரும்பாலும் தட்டையான வட்டில் இருக்கின்றன. ஆகவே 10,000 கோடி என்பதைப் பருமனான மதிப்பாகக் கொள்வதே நல்லது. தவிர, ஒரு விண்மீனின் வேகம் ஓரிடத்து ஈர்ப்பை மட்டுமே சொல்லும். முழு அமைப்பும் வேண்டுமானால் பல விண்மீன்கள் வேண்டும். மாணவியின் கேள்விக்கு உண்மையான விடையும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பெரிய முற்றத்தில் நூறு சிறுவர்கள், ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி, நேராக மேல்நோக்கிப் பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். மாடியிலிருந்து ஒரே ஒரு நொடியைப் படம் பிடிக்கிறீர்கள். எந்தப் பந்தும் ஏறி இறங்குவதை நீங்கள் முழுதாகப் பார்க்கவில்லை. ஆனால் கைமட்டத்தைக் கடக்கும் பந்துகளின் வேகம் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதையும், எந்தெந்த உயரத்தில் எத்தனை பந்துகள் நிற்கின்றன என்பதையும் அளந்துவிட்டால், புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஈர்ப்பு வலுவாக இருந்தால் அதே வேகத்துக்குப் பந்துகள் தாழ்வாகவே குவியும். வலுக்குறைந்தால் உயரப் பரவும். ஒரு பந்தின் முழுப் பயணத்துக்குப் பதிலாக, பயணத்தின் வெவ்வேறு கட்டங்களில் இருக்கும் பல பந்துகள் நமக்கு உதவுகின்றன. இதற்கு ஒரே நிபந்தனை, சிறுவர்கள் நெடுநேரமாக எறிந்துகொண்டே இருக்கவேண்டும். யாரோ விசில் ஊதி எல்லாரும் ஒரே கணத்தில் எறிந்திருந்தால் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும். நீங்கள் கேட்ட அனுமானம் இதுதான். இதைச் சமநிலை அனுமானம் என்கிறோம்.

டச்சு வானியலாளர் யான் ஊர்ட் 1932-இல் செய்தது ஏறத்தாழ இதே கணக்கு. சூரியனுக்கு அருகில் உள்ள விண்மீன்கள் வட்டின் தளத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடுகின்றன. அவற்றின் செங்குத்து வேகத்தையும் உயரப் பரவலையும் கொண்டு, வட்டில் எவ்வளவு பொருள் இருக்கவேண்டும் என்று கணித்தார். பின்னாளில் 1991-இல் குய்க்கனும் கில்மோரும் தளத்திலிருந்து இருபுறமும் 1.1 கிலோபார்செக் (1100 பார்செக்) உயரம் வரை ஒரு சதுர பார்செக்குக்குச் சுமார் 71 சூரிய நிறை என்று கண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களையும் வாயுவையும் கூட்டினால் அவ்வளவு வரவில்லை. மிச்சம்தான் கரும்பொருள். நம் அருகில் அதன் அடர்த்தி ஒரு கன பார்செக்குக்கு 0.01 சூரிய நிறை அளவில் இருக்கும் என்று இப்போது கணிக்கிறார்கள். வேறு விதமாகச் சொன்னால், ஒவ்வொரு பக்கமும் மூன்றேகால் ஒளியாண்டு நீளமுள்ள பெட்டிக்குள் பத்து வியாழன் கோள்களின் நிறை.

வட்டின் சுழற்சிக்கும் இப்படி ஒரு வழி உண்டு. மாணவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். நமக்கு உட்புறம் இருக்கும் விண்மீன்கள் நம்மை முந்துகின்றன. வெளிப்புறம் இருப்பவை பின்தங்குகின்றன. ஆகவே பால்வழித் தளத்தைச் சுற்றிலும் பார்த்துவந்தால், அண்டை விண்மீன்களின் ஆரத் திசைவேகம், அதாவது நம்மை நோக்கியோ நம்மைவிட்டோ செல்லும் வேகம், ஒரு காற்பகுதியில் விலகுவதாகவும் அடுத்ததில் நெருங்குவதாகவும் மாறி மாறி வரும். ஊர்ட் 1927-இல் இந்த ஒழுங்கைக் காட்டித்தான், பால்வழி சுழல்கிறது என்று சுவீடன் வானியலாளர் லிண்ட்பிளாட் முன்வைத்த கருத்தை உறுதிப்படுத்தினார். அதற்காக அவர் வகுத்த இரண்டு எண்களை இன்றும் ஊர்ட் மாறிலிகள் என்கிறோம். கையாவின் முதல் தரவுத் தொகுப்பைக் கொண்டு ஜோ போவி 2017-இல் கண்ட மதிப்புகள் 15.3, −11.9, இரண்டுக்கும் அலகு கிலோபார்செக்குக்கு நொடிக்குக் கிலோமீட்டர்.

இந்த இரண்டு எண்களின் விகிதமே ஒரு கதை சொல்லும். பால்வழி ஒரு வண்டிச் சக்கரம்போலத் திடப்பொருளாகச் சுழன்றால் முதல் எண் சுழியாக இருக்கும். சூரியக் குடும்பத்தைப்போல நிறையெல்லாம் மையத்திலேயே இருந்தால் குறியை விட்டுவிட்டு முதலாவது இரண்டாவதைப்போல் மூன்று மடங்காக இருக்கும். தொலைவு எவ்வளவானாலும் வேகம் மாறாவிட்டால் இரண்டும் சமமாக இருக்கும். நமக்குக் கிடைத்தது 1.3 மடங்கு. அதாவது வேகம் ஏறத்தாழ மாறாத நிலைக்கு அருகில், வெளியே போகப் போக மெல்லக் குறையும் சாய்வோடு. நிறை மையத்தில் குவிந்துகிடக்கவில்லை, வெளியேயும் பரவியிருக்கிறது என்று அண்டை விண்மீன்களைக் கொண்டே சொல்லிவிட முடிகிறது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. விண்மீன்கள் சரியான வட்டத்தில் போவதில்லை. வயதான விண்மீன்களின் பாதைகள் அதிகம் கோணலாக இருக்கும். அவை கூட்டமாகப் பார்க்கையில் வட்ட வேகத்தைவிட மெதுவாகச் சுற்றும். இளம் விண்மீன்களையும் முதியவற்றையும் பிரிக்காமல் சராசரி எடுத்தால் நிறை குறைவாகவே வரும். இந்தப் பின்னடைவைத் திருத்துவதற்கான சமன்பாடு ஜீன்ஸ் பெயரில் வழங்குகிறது. 2019-இல் ஐலர்ஸ் குழுவினர் 23,000 செம்பெருமீன்களை எடுத்துக்கொண்டு இந்தத் திருத்தத்தோடு செய்த கணக்கில், சூரியன் இருக்குமிடத்தில் வட்ட வேகம் நொடிக்கு 229 கிலோமீட்டர் என்றும், ஒவ்வொரு கிலோபார்செக்குக்கும் 1.7 குறைகிறது என்றும் வந்தது. தொடுவானத்தின் 236-உடன் ஒப்பிட்டால் ஏழு குறைவு. தனித்தனி வழிகளில் வந்த எண்கள் மூன்று விழுக்காட்டுக்குள் நெருங்குவதை நான் மகிழ்ச்சியாகவே பார்ப்பேன்.

வைகறை_ஆசிரியர்:

பந்து உவமை மனத்தில் நன்றாகப் பதிந்தது. ஆனால் அந்த விசில் ஊதும் விஷயம் என்னை உறுத்துகிறது. பால்வழியில் யாரும் விசில் ஊதவில்லை என்பது எப்படித் தெரியும்?

அரைக்கால்:

ஊதியிருக்கிறார்கள். நானே என் மடிக்கணினியில் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன்.

நான் வானியலாளன் அல்லன். கணினித் துறையில் வேலை. கையாவின் தரவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று அறிந்து, 2022 ஜூனில் வந்த மூன்றாம் தொகுப்பிலிருந்து, ஆரத் திசைவேகமும் அளக்கப்பட்ட விண்மீன்களைத் தேடி எடுத்தேன். அந்தத் தொகுப்பில் இடம்பெற்ற சுமார் 180 கோடி மூலங்களில் ஆரத் திசைவேகம் உள்ளவை 3.3 கோடி. முதல் முயற்சியில் நான் செய்த பிழையைச் சொன்னால் அடுத்தவருக்குப் பயன்படும். இடமாறு தோற்றக் கோணத்தின் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தோன்றும் கோணம்) தலைகீழே தொலைவு என்று பள்ளியில் படித்ததை அப்படியே நிரலில் எழுதிவிட்டேன். வரைபடத்தில் விண்மீன்கள் எல்லாம் சூரியனை நோக்கி நீட்டிய விரல்கள்போல நீண்டு நின்றன. ஆயிரக்கணக்கானவற்றுக்குத் தொலைவு எதிர்மறை எண்ணாக வந்தது! சிறிய கோணத்தில் பிழை கொஞ்சம் இருந்தாலும் தலைகீழாக்கும்போது தொலைவு எங்கேயோ போய்விடும். மையம் வரையுள்ள தொலைவுக்கு அந்தக் கோணமே 0.12 மில்லி விகலைதான். ஒளிமிக்க விண்மீன்களுக்கே கையாவின் பிழை 0.02 அளவில் இருக்கிறது. பிறகு கோணத்தின் பிழை ஐந்து விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள அண்டை விண்மீன்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதன்பின் ஒரு படம் வரைந்தேன். கிடை அச்சில் தளத்திலிருந்து விண்மீனின் உயரம், நெடு அச்சில் அதன் செங்குத்து வேகம். நீள்விசும்பு சொன்ன சமநிலை முழுமையாக இருந்தால் நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிந்த, சீரான ஒரு முட்டை வடிவம்தான் தெரியவேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த விண்மீன் மையத்தைச் சுற்றும் வேகத்துக்கேற்ப நிறம் கொடுத்ததும், திரையில் நத்தை ஓடுபோல ஒரு சுருள் எழுந்தது. இரவு ஒன்றரை மணி. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. தெரேசா அன்டோஜாவும் அவருடைய குழுவினரும் 2018-இல் கையாவின் இரண்டாம் தொகுப்பில், சூரியனின் சுற்றுவட்டத்தை ஒட்டிய ஏறத்தாழ 9 லட்சம் விண்மீன்களில் கண்டார்கள். காரணம் புரிவது எளிது. உயரமாக ஊசலாடும் விண்மீனுக்கு ஒரு ஊசலாட்டம் முடிய அதிக நேரம் ஆகும். தாழ்வாக ஊசலாடுவதற்குக் குறைந்த நேரம் போதும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டால், தொடக்கத்தில் ஒரு கட்டியாக இருந்தது, உள்ளே வேகமாகவும் வெளியே மெதுவாகவும் சுழன்று, ஜிலேபி பிழிந்ததுபோலச் சுருண்டுவிடும். எத்தனை சுற்றுச் சுருண்டிருக்கிறது என்று எண்ணினால் எப்போது தட்டப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். அவர்கள் கணித்தது 30 கோடி முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன். தட்டியது தனுசுக் குறுந்திரள் என்று பலர் சந்தேகிக்கிறார்கள். 1994-இல்தான் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் சிறு விண்மீன் திரள் பால்வழியைச் சுற்றிச் சுற்றிவந்து சிதைந்துகொண்டிருக்கிறது.

நீள்விசும்பு:

அரைக்காலின் விளக்கம் அருமை. ஒரு சிறு சேர்க்கை: அப்படிப்பட்ட துணைத் திரள் ஏன் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்காமல் உள்ளே இறங்குகிறது என்பதற்குக் காரணம், அது கடந்து போகும் வழியில் உள்ள பொருள்கள் அதன் ஈர்ப்பால் பின்னால் குவிந்து அதை இழுத்துப் பிடிப்பதே. இந்த இழுவையின் சமன்பாட்டை 1943-இல் எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். அவருடைய வெண்குறுமீன் நிறை வரம்பைச் சொல்லும் அளவுக்கு இதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை என்ற குறை எனக்கு உண்டு.

சமநிலை குலைந்திருப்பது தெரிந்தபின் பழைய கணக்குகள் எல்லாம் வீணா என்றால், இல்லை. முட்டை வடிவம்தான் பெரும்பகுதி. சுருள் அதன்மேல் படிந்த மெல்லிய வேறுபாடு. முதல் மதிப்பீட்டைச் சமநிலை தருகிறது. எங்கே பொருந்தவில்லையோ அங்கே வரலாறு கிடைக்கிறது. 2018-இலேயே இன்னோர் எடுத்துக்காட்டு வந்தது. சூரியனுக்கு அருகில் உள்ள ஹேலோ விண்மீன்களில் (வட்டைச் சூழ்ந்த கோளப் பரப்பில் சிதறியவை) பெரும்பங்கு, மையத்தைச் சுற்றாமல், மையத்தை நோக்கிப் பாய்ந்து மீண்டும் வெளியே வரும் மிக நீண்ட பாதைகளில் செல்வதைப் பெலோகுரோவ் குழுவினரும் எல்மி குழுவினரும் தனித்தனியே காட்டினார்கள். ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வழியில் மோதிக் கரைந்துபோன ஒரு விண்மீன் திரளின் எச்சம் அவை. அந்தத் திரளே இன்று இல்லை; அதன் விண்மீன்களின் ஓட்டம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

வைகறை_ஆசிரியர்:

இன்னும் ஒரே ஒரு ஐயம். பால்வழியின் நிறை முன்பு எண்ணியதில் ஐந்தில் ஒரு பங்குதான், கரும்பொருள் அவ்வளவு தேவையில்லை என்று 2023-இல் செய்தி படித்தேன். அது நிலைத்ததா?

நீள்விசும்பு:

அது வெளிப்புறச் சுழற்சி வளைகோட்டைப் பற்றிய, அதாவது மையத்திலிருந்து தொலைவுக்கேற்பச் சுற்றும் வேகம் எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிய ஆய்வு. கையாவின் மூன்றாம் தொகுப்பைக் கொண்டு, சுமார் 19 கிலோபார்செக்குக்கு அப்பால் வேகம் கெப்ளர் விதிப்படியே சரிகிறது, ஆகவே மொத்த நிறை சுமார் 20,000 கோடி சூரிய நிறைதான் என்றார்கள். கோளக விண்மீன் கொத்துகளையும் துணைத் திரள்களையும் கொண்டு செய்த கணிப்புகள் பல ஒரு லட்சம் கோடியை ஒட்டியே இருக்கின்றன. இடைவெளி மிகப் பெரிது.

எனக்கு அந்தக் குறைந்த மதிப்பில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு தொலைவில் நான் முன்பு சொன்ன பின்னடைவுத் திருத்தம் பெரிதாகிவிடுகிறது. அதைச் செய்ய, அங்கே விண்மீன்களின் அடர்த்தி எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பது துல்லியமாகத் தெரியவேண்டும். வட்டின் ஓரமோ நெளிந்து வளைந்து கிடக்கிறது. சமநிலை அனுமானம் மிகவும் பலவீனப்படும் இடமும் அதுதான். போதாததற்குப் பெரிய மெகல்லன் முகில் என்ற துணைத் திரள் அண்மையில்தான் பால்வழிக்கு மிக அருகில் வந்து கடந்திருக்கிறது. அனாதை ஓடை என்று பெயரிட்ட ஒரு விண்மீன் ஓடை (சிதைந்த திரளின் விண்மீன்கள் நீண்டு கிடக்கும் வரிசை) நெளிந்திருக்கும் விதத்தை வைத்து எர்கால் குழுவினர் 2019-இல் அந்த முகிலின் நிறையை 14,000 கோடி சூரிய நிறை என்று கணித்தார்கள். மொத்தப் பால்வழியும் 20,000 கோடிதான் என்றால் துணை முகில் அதில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவு என்றாகிவிடும்! இன்னொரு சோதனையும் உண்டு: நம் அருகில் விடுபடு வேகம் (பால்வழியின் ஈர்ப்பைவிட்டு வெளியேறத் தேவையான வேகம்) நொடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதாக அதிவேக விண்மீன்கள் காட்டுகின்றன. அவற்றைப் பிடித்துவைத்திருக்கக் கணிசமான நிறை வெளியே இருந்தாகவேண்டும்.

வைகறை_ஆசிரியர்:

நன்றி. நாளை வகுப்பில் ஊர்ட் மாறிலிகளின் விகிதக் கணக்கை, விடையைச் சொல்லாமல், மாணவர்களையே போட்டுப்பார்க்கச் சொல்லப்போகிறேன். அந்த மாணவிக்கு எஸ்2-இன் 16 ஆண்டுச் சுற்றைத் தனியே காட்டுவேன். நத்தைச் சுருளை அரைக்கால் வரைந்த அதே முறையில் பள்ளிக் கணினியில் வரைய முடியுமா? அந்தக் கணினியின் நினைவகம் 4 ஜிபிதான்.

அரைக்கால்:

தாராளமாக முடியும். 3.3 கோடியையும் இறக்க வேண்டாம். மையத்திலிருந்து 8 முதல் 8.4 கிலோபார்செக் வரையுள்ள வளையத்தில், கோணப் பிழை குறைந்தவற்றை மட்டும், அதுவும் தேவையான ஆறு நெடுவரிசைகளை மட்டும் கேளுங்கள். வரிசைகள் வெகுவாகக் குறைந்துவிடும். சூரியன் தளத்துக்கு மேலே 20 பார்செக் உயரத்தில் இருப்பதையும், அதன் சொந்தச் செங்குத்து வேகம் நொடிக்கு 7 கிலோமீட்டர் என்பதையும் கூட்ட மறந்துவிடாதீர்கள். மறந்தால் சுருள் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாக ஒதுங்கி வரும். நிரலை இன்றிரவு தமிழ்க் குறிப்புகளோடு இங்கேயே இடுகிறேன்.